கோட்டைக்குள் ஒரு வீடு

சென்னை - 24
3.2.1979

அன்புள்ள மேரிக்கு,

ஞானம் எழுதுவது. நான் நலம். நீயும் அம்மாவும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கிறிஸ்துமசுக்கு எழுதவில்லை, அதற்கு முந்தின ஈஸ்டருக்கும் எழுதவில்லை என்று நீ சொல்லிக்கொண்டிருப்பாய். வேலை அப்படி. அம்மாவின் இடுப்பு வலி இப்போது தேவலையா?

ஒரு நல்ல செய்தி. 'பேரரசி ஆதிநங்கை' என்ற படத்துக்கு என்னைக் கலை இயக்குநராகப் போட்டிருக்கிறார்கள். இதுவரை மற்றவர்கள் பெயரில் அரண்மனை கட்டிக்கொண்டிருந்தேன். இது என் பெயரில் வரும். ஆதிநங்கை மிகப் பழைய காலத்து அரசி. அவளைப் பற்றி ஒரே ஒரு கல்வெட்டில் ஒரே ஒரு வரி இருக்கிறது: கோயில் விளக்கு எரிய நெய்க்காகத் தொண்ணூறு ஆடு கொடுத்தாள் என்று. மற்றதை எங்கள் கதை இலாகா கண்டுபிடித்திருக்கிறது. மூன்று போர், ஒரு காதல், ஒரு துரோகம், கடைசியில் கோட்டை எரிகிறது. ஆடு படத்தில் வராது.

இயக்குநர் மலை உச்சியில் ஒரு கோட்டை வேண்டும் என்கிறார். எனக்கு உடனே நம் வீடுதான் நினைவுக்கு வந்தது. கரடியூர்ச் சரிவில் அப்படி ஒரு மேடு, பின்னால் வெறும் வானம், ஒரு தந்திக் கம்பம்கூடக் கிடையாது. வீட்டைத் தொடமாட்டேன். வீட்டைச் சுற்றிக் கட்டிவிடுவேன். வெளியிலிருந்து பார்த்தால் உள்ளே வீடு இருப்பதே தெரியாது. ஜூன் முதல் தேதி ஆரம்பித்து இருபது நாள். கடைசி நாள் முன்பக்கச் சுவரை எரிப்போம். தீயணைப்பு வண்டி நிற்கும். பிறகு கூட்டிப் பெருக்கி உன்னிடம் ஒப்படைத்துவிடுவேன்.

உன் அப்பா உனக்குக் கொடுத்த வீடு. உன் சம்மதம் இல்லாமல் ஒரு மூங்கிலும் நடமாட்டேன்.

அன்புடன்,
ஞானம்


ஏற்காடு
12.2.1979

அன்புள்ளவருக்கு,

கடிதம் கிடைத்தது. அத்தைக்கு இடுப்பு வலி அல்ல. நவம்பரில் குளியலறையில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. அப்போதே எழுதினேன். 'இந்த விலாசத்தில் இல்லை' என்று திரும்பி வந்தது. இப்போது கோலூன்றி ஜன்னல் வரைக்கும் நடக்கிறார்கள். பகலில் நான் பள்ளிக்கூடம் போனபின் கீழ்வீட்டுக் குப்பாயி வந்து கூட இருக்கிறாள்.

கோட்டை கட்டிக்கொள்ளுங்கள். ஒரே ஒரு நிபந்தனை.

தரங்கம்பாடியில் கன்னியர் நடத்தும் ஒரு பெண்கள் பள்ளியில் என்னைத் தலைமையாசிரியையாகக் கூப்பிட்டிருக்கிறார்கள். இப்போது இருப்பவர் அடுத்த ஜனவரியில் ஓய்வு பெறுகிறார். பதினான்கு வருஷமாக மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பெருக்கல் வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கிறேன். எனக்கு முப்பத்தொன்பது வயது. இதற்கு மேல் இன்னொரு பள்ளி என்னைக் கூப்பிடப் போவதில்லை. போக ஆசைப்படுகிறேன். நான் ஆசைப்படுவதாக உங்களுக்கு எழுதுவது இது முதல் தடவை என்று நினைக்கிறேன்.

அத்தையிடம் சொன்னேன், கூட வாருங்கள் என்று. "எம் மவன் வந்து கூப்புட்டா வரேன் கண்ணு. வேற ஆரு கூப்புட்டாலும் இந்த ஊட்ட உட்டு நகர மாட்டேன்" என்றார்கள். ஆறு வருஷமாக அந்த ஜன்னலில் உட்கார்ந்திருப்பது சேலம் பஸ்ஸைப் பார்க்கத்தான். அவர்களைத் தனியாக விட்டுவிட்டு என்னால் போக முடியாது. அது உங்களுக்குத் தெரியும். தெரிந்ததால்தான் ஆறு வருஷம் நிம்மதியாக இருந்தீர்கள்.

ஆகவே: படம் முடிந்த அன்று அத்தையைச் சென்னைக்கு உங்களோடு கூட்டிக்கொண்டு போக வேண்டும். சம்மதம் என்றால் மூங்கில் நடலாம்.

இன்னொன்று. ஜூனில் இங்கே மழை ஆரம்பிக்கும். அதன் பின் நவம்பர் வரை மூடுபனி. ஏழு வருஷம் இங்கே குடித்தனம் செய்தவர் இதை எப்படி மறந்தீர்கள் என்று யோசித்தேன். மழைக்காலங்களில் நீங்கள் பெரும்பாலும் சென்னையில் இருந்தீர்கள்.

இப்படிக்கு,
ஜெயமேரி


சென்னை - 24
19.2.1979

அன்புள்ள மேரிக்கு,

சம்மதம். சத்தியமாகச் சம்மதம். அம்மாவுக்காக வீட்டில் ஒரு அறையை இப்போதே ஒழித்து வைக்கிறேன். கோட்டை எரிந்த மறுநாள் அவளோடு ரயில் ஏறுவேன். நீ தரங்கம்பாடிக்குத் துணிமணி அடுக்கலாம்.

மழையைப் பற்றி இயக்குநரிடம் சொன்னேன். "பேரரசி மழைக்குப் பயப்படுவாளா?" என்று கேட்டார். 

ஞானம்


ஏற்காடு
20.7.1979

அன்புள்ளவருக்கு,

நீங்கள் கட்டி முடித்துச் சென்னைக்குப் போய் மூன்று வாரம் ஆகிறது. திரும்பி வருகிறேன் என்று சொல்லிப்போனதால் கோட்டையின் நலத்தை எழுத வேண்டியது என் கடமை.

அத்தை சௌக்கியம். நானும் சௌக்கியம். கோட்டையின் வடக்குச் சுவர் உப்பிவிட்டது. பிளாஸ்டர் நனைந்து, உள்ளே இருக்கும் சாக்கு வெளியே தெரிகிறது. தினம் மழை. படப்பிடிப்பு என்று முழுதாக நான்கு நாள் நடந்தது. அரசியார் இரண்டு நாள் வந்தார். அவர் ஒரே சமயத்தில் மூன்று படங்களில் மூன்று நாடுகளை ஆள்வதால் மற்ற இரண்டுக்கும் போக வேண்டியிருந்தது. வந்த இரண்டு நாளும் மூடுபனியில் அவரையே காணவில்லை. ஒளிப்பதிவாளர் குரலை வைத்துக் கண்டுபிடித்தார்.

எங்கள் சட்டதிட்டங்கள் இவை. காலை ஆறு மணிக்குள் சமையல் முடிய வேண்டும், கோட்டைக்குள் புகை தெரியக்கூடாது. துணி வெளியே உலர்த்தக்கூடாது. போன வாரம் இயக்குநரின் உதவியாளர் ஒருவர் கதவைத் தட்டி, "அம்மா, ஆதிநங்கை காலத்தில் குக்கர் விசில் கிடையாது" என்றார். "புழுங்கலரிசி இருந்ததா?" என்று கேட்டேன். விசாரித்துச் சொல்வதாகப் போனார்.

வீட்டுக்கு ஒரே வழி உங்கள் கோட்டை வாசல்தான். கேமரா ஓடும்போது அது சாத்தியிருக்கும். காவலுக்குத் தலைச்சோலைக் கிராமத்துச் சித்தன், தகரக் கவசமும் ஈட்டியுமாக. செவ்வாய்க்கிழமை நான் குடையோடு போய் நின்றேன்.

"டீச்சருங்க, செத்த இருங்க. இப்பத்தான் எதிரிப்படை கெளம்புது."

"சித்தா, எனக்கு பஸ் போயிடும்."

"பஸ் எங்கீங்க போவுது? டிரைவரும் எறங்கி நின்னு சண்டதான் பாக்கறாரு."

"எதிரி ஜெயிக்க எவ்வளவு நேரம் ஆகும்?"

"அத நம்ம கையில உட மாட்டேங்கறாங்க. மொதல்ல நாங்க எல்லாம் சாவோணும். சின்னன் மூணு வாட்டி செத்துட்டான், இன்னும் செரியா சாவலீன்னு திட்டறாங்க."

பள்ளியில் தாமதத்துக்குக் காரணம் எழுத வேண்டும். 'எதிரிப்படை' என்று எழுதினேன். ஏற்றுக்கொண்டார்கள். ஊரில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

ஒன்றைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. நேற்று மாலை பள்ளியிலிருந்து திரும்பும்போது பனி சற்று விலகியது. வளைவில் நின்று மேலே பார்த்தேன். அழகாக இருக்கிறது. ஆயிரம் வருஷமாக அங்கேயே நின்றது போல் இருக்கிறது. அதற்குள்ளே நான் சட்டிபானை கழுவுகிறேன் என்பதை நானே நம்பவில்லை.

எப்போது எரிப்பீர்கள்?

இப்படிக்கு,
ஜெயமேரி


சென்னை - 24
2.8.1979

அன்புள்ள மேரிக்கு,

உன் கடிதத்தின் கடைசிப் பத்தியை மட்டும் எத்தனை தடவை படித்தேன் என்று சொன்னால் சிரிப்பாய். இத்தனை வருஷத்தில் என் வேலை எதையாவது நீ அழகாக இருக்கிறது என்று சொன்னதுண்டா? நான் கட்டியதை எல்லாம் மாதம் முடியுமுன்னே ஆட்கள் வந்து பெயர்த்து லாரியில் ஏற்றிவிடுவார்கள். மழையில் நனைந்த என் முதல் சுவர் அது.

வடக்குச் சுவருக்கு ஆள் அனுப்புகிறேன். பாசி பிடித்திருப்பதாக மரியஜோசப் எழுதினார். எங்கள் புரொடக்‌ஷன் மானேஜர், உனக்கு அறிமுகம் ஆகியிருப்பார். பாசியைப் பற்றிக் கேட்டு இயக்குநருக்கு ஒரே சந்தோஷம், பழமை தெரிகிறது என்று. ஆனால் ஜூனில் எடுத்த காட்சிகளில் பாசி இல்லை. ஆகவே ஒரு பக்கம் பாசியைத் தேய்த்து எடுப்பார்கள், இன்னொரு பக்கம் வளர்ப்பார்கள். எந்தப் பக்கம் எது என்று மரியஜோசப்புக்கு எழுதியிருக்கிறேன்.

எரிப்பதை இப்போது வைத்துக்கொள்ள முடியாது. ஈரக் கோட்டை எரியாது மேரி, புகையும். அக்டோபர் என்று வைத்திருக்கிறேன். ஜனவரிக்கு இன்னும் நிறைய நாள் இருக்கிறது, கவலைப்படாதே.

அன்புடன்,
ஞானம்


ஏற்காடு
28.9.1979

அன்புள்ளவருக்கு,

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். மரியஜோசப் வேறு மாதிரி எழுதியிருக்கக்கூடும்.

போன வியாழன் வெயில் அடித்தது. அரசியார் வந்திருந்தார். படை முழுக்க வாசலில் நிற்க, அரசியார் வாளை உருவி வசனம் பேசினார். மிக நீளமான வசனம். பாதியில் சேலம் பஸ் ஹாரன் அடித்தது. அத்தை வழக்கம்போல் எழுந்து, கோலூன்றி, மாடி ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தார்கள். அந்த ஜன்னல் உங்கள் கோட்டைச் சுவரில் ஒரு துவாரமாக இருக்கிறது என்பது அவர்களுக்கு நினைவில்லை. வெள்ளைச் சேலை, கழுத்தில் செபமாலை.

"கட்! யார் அந்தக் கிழவி?" என்று கீழே ஒரே கூச்சல்.

அத்தை மேலே இருந்து, "ஏனுங்க, இந்த பஸ்ஸுல எம் பையன் வந்தானுங்களா?" என்று இயக்குநரைக் கேட்டார்கள்.

நான் மன்னிப்புக் கேட்கக் கீழே ஓடினேன். இயக்குநர் மன்னிக்கும் நிலையில் இல்லை, அழுதுகொண்டிருந்தார். "அந்த முகம்! போருக்குப் போன மகனைத் தேடுகிற ராஜமாதா! கதையில் இவள் எப்படி இல்லாமல் போனாள்?" என்று கதை இலாகாவை அங்கேயே நிற்க வைத்துத் திட்டினார். சாயங்காலத்துக்குள் ராஜமாதாவை எழுதிவிட்டார்கள். செபமாலையை முத்துமாலை என்று வைத்துக்கொண்டார்கள். சிலுவையை மட்டும் முதுகுப் பக்கம் தள்ளிவிட்டார்கள்.

அத்தைக்கு ஜரிகை போட்ட சேலை ஒன்று கொடுத்திருக்கிறார்கள். அதை அவர்கள் கழற்ற மறுக்கிறார்கள். குப்பாயி "பெரியம்மா, ராணியா நீங்க?" என்று கேட்டதற்கு, "ராணிக்கு மாமியா" என்று பதில். சித்தன் தினமும் வாசலிலிருந்து ஈட்டியைத் தூக்கி வணக்கம் வைக்கிறான். தெரசம்மாள் என்று அத்தையின் பெயரைத் திரையில் போடுவார்களாம்.

அவர்களை இவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததில்லை. அதனால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. அக்டோபர் தேதியை உறுதி செய்து எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஜெயமேரி


சென்னை - 24
6.10.1979

அன்புள்ள மேரிக்கு,

எடுத்ததைப் போட்டுப் பார்த்தோம். தியேட்டரில் பத்துப் பேர் இருந்தோம். அம்மா ஜன்னலைத் திறக்கும் இடத்தை இயக்குநர் மறுபடி போடச் சொன்னார். நான் வெளியே வந்துவிட்டேன்.

இப்போது ஒரு சின்னச் சிக்கல். கோட்டை எரியும்போது அந்த ஜன்னலில் ராஜமாதா நிற்கிறாள், தப்பிக்க மறுக்கிறாள் என்று கதை மாறியிருக்கிறது. (தீ கீழே முன்சுவரில் மட்டும்தான், பயப்படாதே.) அதுவரை அம்மாவை அங்கிருந்து நகர்த்த முடியாது. இளைக்கவும் கூடாது, பருக்கவும் கூடாது. முடியைக் கத்தரிக்க வேண்டாம். கோலை மாற்ற வேண்டாம்.

அக்டோபரில் அரசியாருக்குத் தேதி இல்லை. நவம்பரில் மழை. டிசம்பரில் பார்க்கலாம். அம்மாவை நன்றாகப் பார்த்துக்கொள். உன்னைத் தவிர யார் இருக்கிறார்கள்?

ஞானம்


ஏற்காடு
9.1.1980

அன்புள்ளவருக்கு,

டிசம்பர் வந்தது, போனது. வெயில் நன்றாக அடித்தது. யாரும் வரவில்லை.

தரங்கம்பாடிக்கு எழுதி அவகாசம் கேட்டேன். காரணமாக என்ன எழுதுவதென்று ஒரு வாரம் யோசித்துவிட்டு உள்ளதையே எழுதினேன்: 'என் மாமியார் ஒரு கோட்டையோடு எரிய வேண்டியிருப்பதால்.' பள்ளியை நடத்தும் கன்னியர்களின் தலைவி, மதர், பெரிய மனது உள்ளவர். ஓய்வு பெறுபவரை இன்னும் ஐந்து மாதம் இருக்கச் சொல்லியிருக்கிறார். அந்த அம்மாளுக்கு இரண்டு கண்ணிலும் புரை. அவர் இருப்பது எனக்காக. ஜூன் இரண்டாம் தேதி பள்ளி திறக்கும்போது நான் அங்கே நிற்க வேண்டும், இல்லையென்றால் வேறு ஆளைப் போட்டுவிடுவோம் என்று தெளிவாக எழுதியிருக்கிறார். அவர் எழுதியது நியாயம்.

இங்கே கோட்டையைப் பார்க்கச் செம்மநத்தத்திலிருந்தெல்லாம் ஆட்கள் வருகிறார்கள். போன ஞாயிறு சேலத்துக்காரர் ஒருவர் குடும்பத்தோடு உள்ளே நுழைந்து, நான் அரிசி களைந்துகொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, "ஏங்கம்மா, கவர்மெண்டுல உங்களுக்கு உள்ள தங்க அனுமதி குடுத்திருக்காங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்ப எப்படி இருக்கீங்க?" என்றார். களைந்த அரிசியை உலையில் போட்டேன்.

காலையில் எழுந்து ஜன்னலைத் திறந்தால் சாக்கும் மூங்கிலும். மலையில் பிறந்தவள் நான். ஏழு மாதமாக எங்கள் வீட்டிலிருந்து மலை தெரியவில்லை. கோட்டையின் அழகெல்லாம் வெளியே நிற்கிறவர்களுக்கு.

ஒரு தேதி. ஒரே ஒரு தேதி எழுதுங்கள்.

ஜெயமேரி


சென்னை - 24
22.1.1980

அன்புள்ள மேரிக்கு,

மே 12. இதில் மாற்றம் இல்லை. அரசியார் வருகிறார், இரண்டு யானை வருகிறது, தீயணைப்பு வண்டிக்குச் சொல்லியாகிவிட்டது. மே 13 அன்று அம்மாவோடு நான் ரயிலில் இருப்பேன்.

அம்மாவிடம் சொல், மகன் வந்து கூப்பிடுவான் என்று.

ஞானம்


ஏற்காடு
20.5.1980

திரு. ஞானசுந்தரம் அவர்களுக்கு,

மே 12 அன்று அத்தை விடியுமுன் எழுந்து ஜரிகைச் சேலை கட்டிக்கொண்டு ஜன்னலில் உட்கார்ந்தார்கள். கடைசி பஸ் போகும்வரை உட்கார்ந்திருந்தார்கள். மறுநாளும் அப்படியே. சாப்பிடக் கூப்பிட்டால், "இரு கண்ணு, யானையோட வரான், மொள்ளத்தான் வருவான்."

பதினேழாம் தேதி மரியஜோசப் வந்தார், ஈட்டிகளை எடுத்துப்போக. காபி கொடுத்தேன். எரிப்பது எப்போது என்று கேட்டேன். அவருக்கு நான் கேட்டதே புரியவில்லை.

"உங்களுக்குத் தெரியாதுங்களா டீச்சர்? அக்டோபர்லயே தேதி ரெடியா இருந்துச்சுங்க. ராணியா நடிக்கற அம்மாவும் வரேன்னாங்க. சார்தான் கோட்டை காயலைன்னாரு. டிசம்பர்ல கேட்டோம், வடக்குச் சுவர் சரியில்லைன்னாரு. இப்ப மே மாசம், என்ன வெயில் பாருங்க, இப்பவும் காயலைங்கறாரு. மூணு தடவை யானையத் திருப்பி அனுப்பியாச்சு. முதலாளிக்குப் பைத்தியம் பிடிக்குது."

"ஏன் அப்படிச் செய்யறார்?"

"எனக்கென்னங்க தெரியும். கொளுத்தறதப் பத்திப் பேசினாலே எந்திரிச்சுப் போயிடறாரு."

 பிறகு, அத்தை உங்களிடம் வந்தால் அங்கே மாடிப்படி ஏற முடியுமா, தரையிலேயே அறை இருக்கிறதா என்று கேட்டேன். அந்த மனிதர் காபியைக் கீழே வைத்தார்.

"டீச்சர், சாருக்கு மெட்ராசுல வீடு ஏதுங்க? ரெண்டு வருஷமா ஸ்டூடியோவுலதான் படுக்கை. இப்ப ஒரு சாமி படத்துக்குப் போட்ட கைலாசத்துல இருக்காரு. அதப் பிரிச்சா அடுத்த செட்டு."

அவர் சொன்னதை எல்லாம் அத்தை மாடி ஜன்னலில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்பது எனக்குத் தெரியாது. மரியஜோசப் போன பிறகு மேலே போனேன். ஜன்னல் சாத்தியிருந்தது. பகலில் அது சாத்தியிருந்து நான் பார்த்ததில்லை.

"மேரி, இந்தச் சீலைய அவுத்து உடு. குத்துது."

அவிழ்த்துவிட்டேன். பழைய வெள்ளைச் சேலையைக் கட்டிவிட்டேன். மடித்து வைத்த ஜரிகையை அவர்கள் திரும்பிப் பார்க்கவில்லை. நான் விளக்கேற்றும்போது கேட்டார்கள்:

"அது எந்த ஊருன்னு சொன்னே கண்ணு?"

"தரங்கம்பாடிங்க அத்தை."

"அங்க குளுரு உண்டா?"

"இல்லீங்க. கடல். நொம்ப வெயில்."

"எடுப்பு நோவுக்கு வெயிலுதான் நல்லதும்பாங்க" என்றார்கள். பிறகு, "கூப்புடு. வரேன்."

கூப்பிட்டேன்.

இருபத்தெட்டாம் தேதி கிளம்புகிறோம். சேலம் வரைக்கும் கார், அங்கிருந்து ரயில். மதருக்கு எழுதிவிட்டேன். பள்ளி வளாகத்துக்குள்ளேயே வீடு, கூட ஒருவர் இருக்கலாம் என்று முன்பே எழுதியிருந்தார். ஜரிகைச் சேலையும் வீட்டுச் சாவியும் குப்பாயியிடம் இருக்கும். நீங்கள் எரித்தாலும் எரிக்காவிட்டாலும், ஜன்னலில் யாரும் நிற்கப் போவதில்லை.

நீங்கள் மோசம் செய்ததாக நான் நினைக்கவில்லை. உங்களால் அதை எரிக்க முடியவில்லை, அவ்வளவுதான். இரக்கப்பட்டிருப்பேன். ஆனால் எரிக்க முடியாத ஒன்றுக்குள் எங்களை வைத்துப் பூட்டிவிட்டு, வெளியே நின்று அதன் அழகைப் பார்த்தீர்கள்.

ஜெயமேரி


கரடியூர், ஏற்காடு
14.9.1980

அன்புள்ள மேரிக்கு,

இந்தக் கடிதத்தை நம் வீட்டிலிருந்து எழுதுகிறேன். ஜூலையிலிருந்து இங்கேதான் இருக்கிறேன்.

படம் முடிந்துவிட்டது. உனக்குத் தெரிந்திருக்கும். நான் பொறுமையைச் சோதித்துவிட்டேன் என்று வேறு ஒருவரைப் போட்டார்கள். அவர் ஸ்டூடியோ முற்றத்தில் என் கோட்டையைப் போல் ஆள் உயரத்துக்கு அட்டையில் ஒன்று செய்து, ஒரு மத்தியானம் கொளுத்திவிட்டார். பத்து நிமிஷம். திரையில் பார்த்தேன். வித்தியாசம் தெரியவில்லை. நாடகக் கம்பெனி அம்மாள் ஒருவரை முதுகு தெரிய நிற்க வைத்து ராஜமாதாவையும் முடித்தார்கள். அம்மா ஜன்னலைத் திறக்கும் அந்த ஒரு காட்சி மட்டும் அப்படியே இருக்கிறது. படம் சேலத்தில் இரண்டு வாரம் ஓடியது. கலை இயக்கம் என்ற இடத்தில் அவர் பெயர்.

ஆக, இந்தக் கோட்டை யாருக்கும் வேண்டாததாகிவிட்டது. பிரித்து எடுக்க ஆள் அனுப்புவது வீண் செலவு என்று விட்டுவிட்டார்கள். நான் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பழுது பார்க்கிறேன். சித்தன் வந்து சாந்து குழைத்துக் கொடுக்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டம் வருகிறது. போன வாரம் ஒரு கல்லூரி வாத்தியார் மாணவர்களோடு வந்தார். யார் கட்டியது என்று கேட்டார்கள். ஆதிநங்கை என்றேன். எழுதிக்கொண்டார்கள்.

நீ எழுதியதெல்லாம் சரி. அம்மாவுக்கு அறை ஒழித்ததாகச் சொன்னது பொய். ஆனால் இப்போது எனக்கு ஒரு விலாசம் இருக்கிறது. இனி நான் எங்கும் போக வேண்டியதில்லை. தெற்குப் பக்கச் சுவரில் ஒரு பாகத்தை எடுத்துவிட்டேன். சமையலறையிலிருந்து மலை தெரிகிறது. அம்மாவின் கட்டிலை அங்கே போட்டிருக்கிறேன்.

வந்துவிடுங்கள், இரண்டு பேரும். எப்போது வந்து கூப்பிடட்டும்? பள்ளிக்கூடத்தில் லீவு சொல்லிக்கொள். என்னால் இங்கே தனியாக இருக்க முடியவில்லை. பனி இறங்கிவிட்டால் வாசல் எந்தப் பக்கம் என்றே தெரிவதில்லை.

அன்புடன்,
உன்
ஞானம்


தரங்கம்பாடி
2.10.1980

திரு. ஞானசுந்தரம் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். இரண்டு முறை வாசிக்கச் சொன்னார்கள். அவர்கள் சொல்ல, சொன்னபடி கீழே எழுதுகிறேன்.

"சாமி, நான் நல்லா இருக்கறேன். எடுப்பு நோவு கொறைஞ்சிருக்குது. காத்தால கடக்கரைல உக்காத்தி வெக்கிறாங்க. இங்க பஸ்ஸு எதும் கண்ணுல படறதில்ல, நிம்மதியா இருக்குது. நீ வேளைக்குச் சாப்புடு. குப்பாயிகிட்டக் கேட்டா கொழம்பு வெச்சுக் குடுப்பா. அந்தக் கோட்டையக் கொளுத்திப் போடு சாமி. கொளுத்திட்டு, வெளிய வந்து நில்லு. நான் வரமாட்டேன். பாக்கோணும்னா நீ வா."

அவர்கள் சொன்னது இவ்வளவுதான். நான் சேர்ப்பதற்கு அதிகம் இல்லை. எனக்கு முன்பு இங்கே தலைமையாசிரியையாக இருந்தவர் கண் ஆபரேஷன் செய்துகொண்டு நலமாக இருக்கிறார். பத்தாம் வகுப்புக்கு நான் சரித்திரம் எடுக்கிறேன். வீட்டை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் இனி என்னால் இருக்க முடியாது. சுவர் எவ்வளவை எடுத்தாலும்.

வருவதாக இருந்தால் இங்குள்ள ஒழுங்கைத் தெரிந்துகொள்வது நல்லது. இது பெண்கள் விடுதியோடு சேர்ந்த வளாகம். ஆண்களுக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும், மாலை மூன்றிலிருந்து ஐந்து வரை அனுமதி. கணவர்களுக்கு வேறு ஏதாவது விதி இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன். இல்லை. நான் புதிதாக ஒன்று போடவும் இல்லை.

வாசலில் கிறிஸ்துதாஸ் என்று ஒருவர் இருப்பார். உங்கள் பெயரையும், யாரைப் பார்க்க வந்தீர்கள் என்பதையும் கேட்பார். தெரசம்மாள் என்று சொல்லுங்கள்.

ஜெ. மேரி
தலைமையாசிரியை